களையெடுக்கும் யந்திரத்தின் பெட்ரோல் எஞ்சின்: இனம் அறிதல், கோளாறு காணல், பழுது பார்த்தல்

பயிரிடுவோர்க்குக் களை ஓர் ஓயாத சத்துரு. மக்காச்சோளம், பருத்தி முதலிய பயிர்களில் விதைத்த முதல் ஆறு வாரங்களில் எடுக்கப்படாத களை, பின்னர் எவ்வளவு செலவு செய்து எடுத்தாலும், இழந்த மகசூலைத் திருப்பித் தராது. வரிசை நடவு செய்த நெல்லிலும் நட்ட 10 முதல் 15 நாட்களுக்குள் முதற் களையை அழித்து, அதன் பின் சுமார் பத்து நாட்களுக்கு ஒருமுறை கருவியை ஓட்டவேண்டியிருக்கிறது. இவ்வேலைக்கு வேண்டிய ஆட்கள் வேண்டிய தினத்தில் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், குடியானவர்கள் பலர் பவர் வீடர் எனப்படும் களையெடுக்கும் யந்திரத்தை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ உபயோகித்து வருகிறார்கள். அவ்யந்திரத்தின் உயிர் அதிலுள்ள சிறு எஞ்சினேயாகும். புல்வெட்டும் யந்திரம், மருந்து தெளிப்பான், சிறு பம்பு ஆகியவற்றையும் இதே வகை எஞ்சினே ஓட்டுகிறது. ஆகையால் ஒன்றைப் பற்றி நன்கு அறிந்தவர் மற்றவற்றையும் கவனித்துக்கொள்ளலாம்.

களையெடுக்கும் பருவத்தில் ஒரு நாள் காலையில் எஞ்சின் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் கயிற்றை ஐம்பது முறை இழுக்கிறார். கார்ப்புரேட்டரின் திருகாணியைத் திருப்புகிறார். பின்னர் ஸ்பானரை எடுத்துச் சிலிண்டர் மூடியையே கழற்றிவிடுகிறார். கழற்றும்போது காஸ்கட் கிழிகிறது. புதுக் காஸ்கட்டுக்காக டவுனுக்குப் போனால், எஞ்சினின் நம்பர் தெரியாததால் வேறு அளவுள்ளதைக் கொண்டுவருகிறார். மூன்று நாட்கள் கழித்து மெக்கானிக் வந்து பார்க்கையில், மசகெண்ணெய் ஒரு விரற்கடை குறைந்திருந்ததைத் தவிர வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்று தெரியவருகிறது. எண்ணெய் குறைந்தால் எஞ்சினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் அமைப்பு ஒன்று அதில் இருந்தது. ஒரு குவளை எண்ணெயில் தீர வேண்டிய காரியத்திற்கு மூன்று நாள் வேலையும், காஸ்கட்டின் விலையும், மெக்கானிக்கின் கூலியும் நஷ்டமாயின. களையோ மூன்று நாள் வளர்ந்துவிட்டது.

இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி மிக எளியது. எஞ்சினின் இனத்தை முன்னதாகவே அறிந்து குறித்து வைத்தல் ஒன்று. கோளாறு நேர்ந்தபோது கண்ட இடத்தைக் கழற்றாமல், ஒரு முறைப்படி பரிசோதித்துக் காரணத்தை அறிந்த பின்னரே கருவியைத் தொடுதல் மற்றொன்று.

எஞ்சின் ஓடும் விதம்

அடுப்பு எரிய விறகும் காற்றும் நெருப்பும் வேண்டியிருப்பதுபோல, எஞ்சின் ஓடவும் மூன்று விஷயங்கள் வேண்டும். அவையாவன: பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்த கலவை, அக்கலவையைச் சிலிண்டருக்குள் அழுத்தும் அமுக்கம், தக்க சமயத்தில் அதைப் பற்றவைக்கும் தீப்பொறி.

1876ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் செய்து ஓட்டிக்காட்டிய நான்கு வீச்சு எஞ்சினின் முறையே இன்றும் இச்சிறு எஞ்சின்களில் வழங்கிவருகிறது. பிஸ்டன் முதல் வீச்சில் கீழிறங்கிக் கலவையை உறிஞ்சுகிறது. இரண்டாவதில் மேலேறி அதை அமுக்குகிறது. மூன்றாவதில் தீப்பொறியால் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் புகை வெளியேற்றப்படுகிறது. கார்ப்புரேட்டர் கலவையைத் தருகிறது. வால்வுகளும் பிஸ்டன் வளையங்களும் அமுக்கத்தைக் காக்கின்றன. காயிலும் ஸ்பார்க் பிளக்கும் தீப்பொறியைத் தருகின்றன. எஞ்சின் கிளம்பாமைக்குக் காரணம் இம்மூன்றில் ஒன்றின் குறைவே. நான்காவதாக ஒரு காரணத்தைத் தேடவேண்டுவதில்லை.

இனம் அறிதல்

முதலாவது, எஞ்சின் பெட்ரோலில் ஓடுவதா டீசலில் ஓடுவதா என்று அறியவேண்டும். தலைப்பாகத்தில் பிளக்கும் அதன்மேல் கறுப்புத் தொப்பியும் கம்பியும் இருப்பின் அது பெட்ரோல் எஞ்சின். டீசல் எஞ்சினில் பிளக் இராது. இஞ்செக்டரும் அதற்கு வரும் மெல்லிய இரும்புக் குழாயும் இருக்கும். இக்கட்டுரை பெட்ரோல் எஞ்சினைப் பற்றியது.

இரண்டாவது, அது நான்கு வீச்சு உள்ளதா இரண்டு வீச்சு உள்ளதா என்பது. அடியில் மசகெண்ணெய் ஊற்றும் துவாரமும் அளவுகுச்சியும் தனியே இருந்தால் நான்கு வீச்சு. அவை இல்லாமல், பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவதாக இருந்தால் இரண்டு வீச்சு. பின்னதில் லிட்டர் ஒன்றுக்கு 20 மில்லிலிட்டர் கலப்பது 50க்கு 1 என்ற விகிதம். 40 மில்லிலிட்டர் கலப்பது 25க்கு 1 என்ற விகிதம். எது தகும் என்பதை அந்தந்த எஞ்சினின் கைப்புத்தகத்தில் கண்டு அதன்படி நடக்கவேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினில் எண்ணெய் கலவாத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், சிறிது நேரத்திற்குள் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு எஞ்சின் பாழாகும்.

மூன்றாவது, எஞ்சினின் மாடல் நம்பர். இது சிலிண்டரின் அடிப்பாகத்திலோ விசிறி மூடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும், அல்லது தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சீனத் தயாரிப்புகளில் காணப்படும் 168 எப், 170 எப் என்னும் குறிகளுக்குப் பொருள் உண்டு. முதல் எண்ணாகிய 1 ஒரே சிலிண்டர் உள்ளதைக் காட்டும். அடுத்த இரண்டு எண்கள் சிலிண்டர் துவாரத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் காட்டும். எப் என்பது காற்றால் குளிர்விக்கப்படுவது என்பதைக் காட்டும். ஆகவே 168 எப் என்பது 68 மில்லிமீட்டர் துவாரமுள்ள, காற்றால் குளிரும், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் மாடல், டைப், கோட் என மூன்று நம்பர்கள் இருக்கும். கோட் நம்பரின் முதல் இரண்டு எண்கள் தயாரித்த வருஷத்தைக் குறிக்கும்.

துவாரத்தின் அளவு மாத்திரம் தெரிந்தாற் போதாது. 68 மில்லிமீட்டர் துவாரத்துடன் 45 மில்லிமீட்டர் வீச்சு உள்ள எஞ்சினும் உண்டு. 54 மில்லிமீட்டர் வீச்சு உள்ளதும் உண்டு. முன்னதன் கொள்ளளவு 163 கன சென்டிமீட்டர். பின்னதன் கொள்ளளவு 196 கன சென்டிமீட்டர். வெளித்தோற்றத்தில் இவ்விரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும். ஆயினும் உள்ளே கிராங்க் தண்டு வேறு. ஆதலால் மாடல் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வாங்கிய தினத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். தகடு சேற்றில் தேய்ந்து அழிந்த பின் தேடுவதில் பயனில்லை.

கருவியைத் தொடுமுன் கவனிக்க வேண்டியவை

கிளம்பாத எஞ்சினின் முன் நின்று முதலிற் பார்க்கவேண்டியவை ஐந்து. சுவிட்சு ஓடும் நிலையில் உள்ளதா? பெட்ரோல் குழாய் திறந்துள்ளதா? டாங்கியில் பெட்ரோல் உள்ளதா, அது எத்தனை நாட்பட்டது? சோக் சரியான நிலையில் உள்ளதா? மசகெண்ணெய் முழு அளவு உள்ளதா?

சோக் விஷயத்தில் பிழை செய்வோர் பலர். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சோக்கை மூடவேண்டும். ஓடி நின்ற சூடான எஞ்சினுக்குத் திறந்தே இருக்கவேண்டும். சூடான எஞ்சினில் சோக்கை மூடி இழுத்தால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும்.

மசகெண்ணெயின் அளவை, யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தியே பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்தால் தீப்பொறியை நிறுத்தும் உணர்கருவி பல எஞ்சின்களில் உண்டு. எண்ணெய் சரியாக இருந்தும், வரப்பின்மேல் யந்திரம் சாய்ந்து நின்றால் இக்கருவி எண்ணெய் இல்லை என்று கொண்டு எஞ்சினைத் தடுத்துவிடும். சமதரைக்குக் கொண்டுவந்ததும் கிளம்பினால் கோளாறு ஒன்றும் இல்லை என்று அறியலாம்.

முதற் பரிசோதனை: பெட்ரோல் வருகிறதா?

சிலமுறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கவேண்டும். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறியே சந்தேகத்திற்குரியது, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. மிகுந்திருந்தால் பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே நாலைந்து முறை கயிற்றை இழுத்துப் பெட்ரோலை வெளியேற்றியபின் மாட்டவேண்டும்.

நுனி காய்ந்திருப்பின், கார்ப்புரேட்டரின் கிண்ணத்தடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்தவேண்டும். ஒன்றும் வராவிட்டால் அடைப்பு டாங்கியின் சல்லடையிலோ குழாயிலோ இருக்கிறது. பெட்ரோல் தாராளமாக வந்தும் பிளக் நனையாவிட்டால் அடைப்பு ஜெட்டில் இருக்கிறது. பாத்திரத்தில் அடியில் தனியாக நிற்கும் தண்ணீரோ துருத்தூளோ தென்பட்டால், டாங்கியையும் கிண்ணத்தையும் முழுவதும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றவேண்டும்.

ஜெட்டைச் சுத்தம் செய்வதற்குக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, கார்ப்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தாலோ காற்றுப் பம்பாலோ துவாரத்தை ஊதவேண்டும். இரும்புக் கம்பி, ஊசி முதலியவற்றை உள்ளே விடலாகாது. துவாரம் மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டு எஞ்சின் புகைக்கும்.

இரண்டாம் பரிசோதனை: தீப்பொறி உண்டா?

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, டாங்கியின் மூடியை இறுக மூடி, பிளக் துவாரத்தைத் துணியால் அடைத்தபின், பிளக்கைத் தொப்பியில் மாட்டி அதன் உலோக உடல் எஞ்சினின் உலோகத்தைத் தொடும்படி ரப்பர்க் கைப்பிடியுள்ள குறட்டால் பிடிக்கவேண்டும். பிளக் துவாரத்திற்கு அருகில் பிடித்தல் ஆபத்து. நிழலில் நின்று கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி பளிச்சென்று தோன்றவேண்டும்.

தோன்றாவிட்டால், முதலில் பிளக்கைப் பழிக்கலாம். கரி படிந்ததைப் பித்தளை பிரஷால் தேய்த்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும்படி செய்யவேண்டும். பாங்கில் தரும் ஏ.டி.எம். கார்டின் கனம் ஏறக்குறைய இதே அளவாதலால், கண்ணளவுக்கு அது உதவும். பீங்கான் வெடித்த பிளக்கை எறிந்துவிட வேண்டியதே.

புதுப் பிளக்கிலும் பொறி வராவிட்டால், மசகெண்ணெயின் அளவை மறுபடியும் பார்க்கவேண்டும். பின்னர் காயிலிலிருந்து சுவிட்சுக்குச் செல்லும் கம்பியைப் பிரித்துவிட்டு முன்போலவே, பிளக் வெளியில் உள்ள நிலையில், இழுத்துப் பார்க்கவேண்டும். இப்போது பொறி வந்தால் குற்றம் சுவிட்சு, அதன் கம்பி, அல்லது எண்ணெய் உணர்கருவி ஆகியவற்றில் ஒன்றில் உள்ளது. கம்பியைப் பிரித்த நிலையில் எஞ்சினை ஓட்டலாகாது. சுவிட்சால் அதை நிறுத்த முடியாது. அப்போதும் பொறி வராவிட்டால், காயிலுக்கும் விசிறிச் சக்கரத்திற்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கவேண்டும். இது பல எஞ்சின்களில் 0.4 மில்லிமீட்டர். இடைவெளி சரியாகவும் துரு இல்லாமலும் இருந்தால், காயிலையே மாற்றவேண்டியிருக்கும்.

மூன்றாம் பரிசோதனை: அமுக்கம் உண்டா?

பிளக்கை மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தால், ஓரிடத்தில் கை தடைப்படவேண்டும். சில எஞ்சின்களில் இழுப்பது சுலபமாகும்பொருட்டு அமுக்கத்தைச் சிறிது விட்டுவிடும் அமைப்பு உண்டு. ஆகையால் தடை லேசாக இருப்பதைக் கொண்டு மாத்திரம் எஞ்சின் கெட்டது என்று முடிவு செய்யலாகாது. தடையே இல்லாவிட்டால்தான் கவலைக்கு இடமுண்டு.

அப்போது பிளக் துவாரத்தின் வழியாக ஒரு சிறு கரண்டி மசகெண்ணெயை, அதாவது சுமார் 5 மில்லிலிட்டர், விட்டு மறுபடியும் இழுக்கவேண்டும். தடை அதிகரித்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்றும், அதிகரியாவிட்டால் வால்வோ காஸ்கட்டோ கெட்டிருக்கிறது என்றும் ஊகிக்கலாம். வால்வின் இடைவெளி குறைந்திருந்தாலும் அமுக்கம் போய்விடும். 163, 196 கன சென்டிமீட்டர் எஞ்சின்கள் பலவற்றில், குளிர்ந்த நிலையில், உட்புகும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டரும் புகைபோகும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டரும் இருக்கவேண்டும். எனினும் அந்தந்த மாடலின் கைப்புத்தகத்தில் உள்ள அளவே பிரமாணம்.

ஓடிக்கொண்டே தொந்தரவு தரும் எஞ்சின்

கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. சோக் மூடியிருக்கிறதா என்றும், ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நீலங் கலந்த வெண்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம், யந்திரம் சாய்க்கப்பட்டிருக்கலாம், அல்லது வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

பத்துப் பதினைந்து நிமிஷம் நன்றாக ஓடி, நின்று, சிறிது நேரம் கழித்துக் கிளம்பி, மறுபடியும் நின்றால், டாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தைச் சந்தேகிக்கவேண்டும். அது அடைபட்டால் டாங்கிக்குள் காற்று புகாமல் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். நின்றவுடன் மூடியைத் தளர்த்திப் பார்க்கையில் காற்று உறிஞ்சும் ஓசை கேட்டால் காரணம் அதுவே.

எஞ்சின் மிகுதியாகச் சூடேறி வலிமை குன்றினால், சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளின் இடையே வைக்கோலும் சேறும் அடைத்திருப்பதைக் காணலாம். இவ்வெஞ்சின்களுக்குக் காற்றே தண்ணீர். சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது உலோகம் வெடிக்க ஏதுவாகும். ஆறியபின் பிரஷால் துடைக்கவேண்டும்.

புல்வெட்டும் யந்திரங்களில் கத்தி கல்லில் மோதியபின் எஞ்சின் கிளம்பாமலோ கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கியோ தொந்தரவு செய்தால், விசிறிச் சக்கரத்தின் சாவி அறுபட்டுத் தீப்பொறியின் சமயம் மாறியிருக்கக்கூடும்.

பெட்ரோலைப் பற்றிய எச்சரிக்கை

இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் கலக்கப்படுகிறது. 2022ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 10 பாகமாக இருந்த கலப்பு 2025ஆம் வருஷத்தில் 20 பாகத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தைக் கவரும் தன்மையுடையது. தண்ணீர் மிகுந்து சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்றும் பிரிந்து அடியில் தங்கும். கார்ப்புரேட்டருக்குப் போவது அவ்வடிப்பாகமே. 10 பாகத்திற்கென்றே செய்யப்பட்ட எஞ்சின்களில் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் விரைவிற் கெடலாம். அவற்றை அடிக்கடி பார்த்து மாற்றவேண்டும். ஆதலால் பெட்ரோலை வேலைக்கு வேண்டிய அளவே வாங்கி, ஒரு மாதத்திற்கு மேற்பட்டதை உபயோகிக்காமல் இருத்தல் நலம். பெட்ரோலில் மட்டும் ஓடுவதற்கெனச் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் கலப்பது சிக்கனமன்று. கரி படிந்து வால்வும் பிளக்கும் கெடும்.

தாமே செய்யத்தக்கவையும் தகாதவையும்

பிளக், ஏர் பில்டர், மசகெண்ணெய், பெட்ரோல் குழாய், கார்ப்புரேட்டர்க் கிண்ணம், ஜெட், கயிறு ஆகியவற்றைச் சொந்தக்காரரே கவனிக்கலாம். பிஸ்டன் வளையம், கிராங்க் தண்டு, வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்தல் முதலியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடவேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் வில்லை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டுவது கூடாது; எஞ்சின் உடைந்து ஆளுக்கும் சேதம் உண்டாகும்.

களைக்கத்திகளில் சுற்றிய புல்லை எடுக்குமுன் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடவேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாது; பீடி, சிகரெட் அருகில் ஆகா. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு நிறமும் மணமும் இன்றி உயிரைப் போக்கும்.

காலத்திற் செய்யும் பராமரிப்பு

புது எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திற்குப் பின்னும், அதன்பின் 100 மணி நேரத்திற்கு ஒருமுறையோ ஆறு மாதத்திற்கு ஒருமுறையோ மசகெண்ணெயை மாற்றுவது பொது வழக்கம். மேற்சொன்ன அளவுள்ள எஞ்சின்களுக்குச் சுமார் 0.6 லிட்டர் எண்ணெய் போதும். ஏர் பில்டரை 50 மணிக்கு ஒருமுறையும், புழுதி மிகுந்த புன்செய்யில் தினந்தோறும் பார்க்கவேண்டும். பருவம் முடிந்து யந்திரத்தை நிறுத்தி வைக்கையில், டாங்கியையும் கார்ப்புரேட்டரையும் வடித்து, பிளக் துவாரத்தில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு, பிளக்கை மாட்டிக் கயிற்றை மெதுவாக இழுத்து, தடை தோன்றும் இடத்தில் நிறுத்திவைக்கவேண்டும். அந்நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதால் ஈரம் உள்ளே புகாது.

உழவர் குழுக்களும் வாடகை நிலையங்களும் பொதுவில் வைத்துள்ள யந்திரங்களுக்கு, கிராம உத்தியோகஸ்தர்களும் குழுவின் நிர்வாகிகளும் ஒரு பதிவுப் புத்தகம் ஏற்படுத்துதல் அவசியம். மாடல் நம்பர், எஞ்சின் நம்பர், ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய தேதி, மாற்றிய பாகம், எடுத்துச் சென்றவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதிவந்தால், பலர் கைமாறும் யந்திரமும் ஒருவர் காக்கும் யந்திரம்போல நீடித்து உழைக்கும். எவரும் எண்ணெய் பாராத யந்திரம் எல்லோருக்கும் உதவாமற் போகும்.

மாட்டின் வாயையும் சாணத்தையும் பார்த்து அதன் நோயை அறியும் குடியானவருக்கு, பிளக்கின் நுனியையும் புகையின் நிறத்தையும் பார்த்து எஞ்சினின் நோயை அறிதல் கடினமன்று. பெட்ரோல், தீப்பொறி, அமுக்கம் என்னும் மூன்றையும் வரிசையாகப் பரிசோதித்து, காரணம் தெரிந்த பின்னரே ஸ்பானரை எடுப்பவர், பணத்தையும் மிச்சப்படுத்துவார். திரும்பி வாராத பருவத்தையும் காப்பாற்றிக்கொள்வார்.